கட்டுத்தறையில் பத்து நிமிடம்: காணை நோய்க்கு அட்டைச் சோதனை செய்யும் முறை

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாமல் போன் அடித்தது.

"டாக்டரம்மா, நடு மாடு சப்புக்கொட்டிக்கிட்டே நிக்குதுங்க. எச்சில் நூலாட்டம் தொங்குது. தவிட்டுத் தண்ணியை மோந்துகூடப் பாக்கல."

"எப்போ இருந்துங்க அக்கா?"

"நேத்துப் பொழுதோட பால் பீச்சறப்ப நல்லாத்தான் நின்னுச்சு. பால் மட்டும் ரெண்டு லிட்டர் கொறஞ்சுது."

நேற்றுச் சாயங்காலம் பால் குறைந்தது, இன்று காலை எச்சில். அப்படியென்றால் வாயில் கொப்புளம் வந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. காணை நோய்க்கு (கோமாரி என்றும் சொல்வார்கள், வாயிலும் காலிலும் கொப்புளம் வரும் வைரஸ் நோய்) அட்டை போட்டுப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஐஸ் பெட்டியையும் கிட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிளம்பும் முன் அக்காவிடம் ஒன்றை மட்டும் சொன்னேன்: "நான் வர்ற வரைக்கும் வாயில எதையும் தடவாதீங்க. எந்த மாட்டையும் அவுக்காதீங்க."

ஈரோடு மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் பதினேழு வருடமாகக் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும், டாக்டர் வந்து மாட்டின் வாயில் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்பும் மாடு வளர்ப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மாதிரி எடுப்பதும் அட்டை போடுவதும் மருத்துவரோ அவர் பயிற்றுவித்த ஆளோ செய்ய வேண்டிய வேலை. ஆனால் அந்த வேலை சரியாக நடப்பது பெரும்பாலும் மாட்டுக்காரர் எந்த நேரத்தில் போன் செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

அட்டைக்குள் நடப்பது

கர்ப்பம் பார்க்கும் அட்டை, கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த அட்டை, இது எல்லாம் ஒரே இனம். மாதிரித் துளி ஒரு முனையில் விழுந்ததும் பட்டையில் ஊறி மேலே ஏறும். வழியில் நிறத்துகள் ஒட்டிய ஆன்டிபாடிகள், அதாவது நோய்க்கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்கள், இருக்கின்றன. வைரஸின் புரதம் இருந்தால் அவை அதைப் பிடித்துக்கொண்டு நகரும். 'டி' கோட்டில் பதித்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடி அதே புரதத்தைப் பிடித்து அங்கேயே நிறுத்திவிடும். நிறத்துகள்கள் குவிந்து கோடாகத் தெரியும். 'சி' கோடு வைரஸைப் பற்றி எதுவும் சொல்லாது. திரவம் கடைசி வரை ஓடியது, அட்டை வேலை செய்கிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி.

பி.சி.ஆர். சோதனையில் வைரஸின் மரபணு கோடிக்கணக்கில் பெருக்கப்படுகிறது. அட்டையில் எதுவும் பெருகுவதில்லை. நீங்கள் எடுத்துத் தருவதில் எவ்வளவு வைரஸ் இருக்கிறதோ அவ்வளவுதான். அதனால்தான் எந்த நாளில், எந்த இடத்தில் மாதிரி எடுத்தோம் என்பது அட்டையின் தரத்தைவிடப் பெரிய விஷயமாகிவிடுகிறது.

கட்டுத்தறையிலேயே அட்டை பார்ப்பது புதிய யோசனை இல்லை. நம் பாட்டன் காலத்தில் ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயை ஒழிக்கும் கடைசிக் கட்டத்தில், மாட்டின் கண்ணீரைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் அட்டை ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வு நிலையத்தில் உருவானது. இந்தியாவில் கடைசியாக வெக்கை நோய் பதிவானது 1995ல், அதுவும் தமிழ்நாட்டில்தான். 2011ல் உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த வைரஸ் நோய் அது ஒன்றே. காணைக்கும் அதே நிலையத்தில் அட்டை உருவாக்கினார்கள். கையில் அட்டையைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரலாறு நினைவுக்கு வரும், ஒரு தெம்பும் வரும்.

முதலில் புண்ணின் வயதைப் பாருங்கள்

கிட்டைப் பிரிக்கும் முன் வாயைத் திறந்து பாருங்கள். கொப்புளம் உடையாமல் வெளிறிய தோலுக்குள் நீர் கோத்து நின்றால் அது முதல் நாள், மிஞ்சிப்போனால் இரண்டாம் நாள். உடைந்து, தோல் கிழிசலாகத் தொங்கி, அடியில் ரத்தச் சிவப்பாகச் சதை தெரிந்தால் இரண்டு மூன்று நாள். விளிம்பு மழுங்கி, புண்ணின் மேல் மஞ்சளாக ஆடை படிந்திருந்தால் நாலு நாளைத் தாண்டிவிட்டது. பள்ளம் மூடி, வெளுத்த தழும்பாகத் தெரிந்தால் ஒரு வாரத்துக்கு மேல். நாக்கு, மேல் ஈறு, உதட்டின் உட்பக்கம் பார்த்த பிறகு காலையும் மடியையும் பாருங்கள். குளம்புப் பிளவிலும், குளம்பும் தோலும் சேரும் விளிம்பிலும், காம்பிலும் கொப்புளம் வரும். வாயில் புண் ஆறத் தொடங்கிய மாட்டுக்குக் காலில் புதுக் கொப்புளம் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பொதுவாக வாய்ப் புண் சீக்கிரம் ஆறும், கால் புண் இழுக்கும்.

கட்டுத்தறையில் முதலில் கண்ணில் படுவது மிக மோசமாக இருக்கும் மாடுதான். மாட்டுக்காரரும் அதைத்தான் இழுத்துக்கொண்டு வருவார். ஆனால் மாதிரிக்கு அது பெரும்பாலும் தப்பான மாடு, ஏனென்றால் அதுதான் முதலில் படுத்தது. மற்ற எல்லா மாட்டுக்கும் காய்ச்சல் பாருங்கள். 104 டிகிரி காட்டிக்கொண்டு, சற்றே எச்சில் விட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறதே, அதன் நாக்கில்தான் உங்களுக்கு வேண்டிய கொப்புளம் இருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த நாலாவது வருடம். ஒரு வீட்டில் மாட்டுக்கு வாய்ப்புண் என்று எட்டாம் நாள் கூப்பிட்டார்கள். பயிற்சி ஒன்றில் கிடைத்த அட்டைகள் இரண்டு என் கையில் இருந்தன. ஆறிக்கொண்டிருந்த புண்ணைச் சுரண்டி எடுத்துப் போட்டேன். 'சி' கோடு மட்டும் வந்தது. "அட்டையில ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தையை நம்பி அவர் இரண்டு கிடாரிகளை வாரச் சந்தைக்கு ஓட்டிப் போனார். பத்து நாளில் சந்தைக்கு அந்தப் பக்கத்து ஊரில் மூன்று வீட்டில் காணை. ஒரு வீட்டில் பால் குடித்துக்கொண்டிருந்த இரண்டு கன்றுகள் நின்ற நிலையில் விழுந்து செத்தன. குட்டிக் கன்றுகளுக்கு இந்த வைரஸ் வாயில் தெரிவதற்கு முன்பே இதயத்தைத் தாக்கிவிடும். நோய் அந்தக் கிடாரிகளால்தான் போனதா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் எட்டு நாள் புண்ணில் அட்டை போட்டது நான். அதைச் சோதனை என்று பேர் சொல்லி ஒரு மனிதரிடம் முடிவு சொன்னதும் நான்.

அதிலிருந்து என் வழக்கம்: மூன்று நாளுக்குள் இருக்கும் புண் என்றால் அட்டை. நாலு, ஐந்து நாள் என்றால் அட்டை போடலாம், கோடு வந்தால் மட்டும் நம்பலாம். அதற்கு மேல் என்றால் அட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு, ரத்தமும் தொண்டைச் சளியும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது.

மாதிரி எடுப்பது

தேவையானவை: கையுறை நாலைந்து ஜோடி, பழைய துண்டு ஒன்று, ஃபோர்செப்ஸ், கத்தரிக்கோல், திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பிகள், அழியாத மார்க்கர், ஐஸ் பெட்டி, மெல்லிய ஊசியோடு இரண்டு சிரிஞ்ச், கறுப்புக் குப்பைப் பை. போனை ஜிப் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். நேரம் பார்க்க அது வேண்டும், ஆனால் கட்டுத்தறையில் தொட்ட போனைத்தான் அடுத்த வீட்டிலும் தொடுவீர்கள்.

மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைச் சற்றே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். துண்டால் நாக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக வெளியே இழுங்கள். வெறும் கையுறையோடு பிடித்தால் வழுக்கும். காணையில் நாக்குத் தோல் கழன்று கையோடு வந்துவிடுவதும் உண்டு. வந்தால் அதுவே மாதிரி. மாட்டுக்கு அந்த நேரத்தில் உயிர் போகும் வலி என்பதை மறக்காதீர்கள். பெரிய மாடாக இருந்து திமிறினால் லேசாக மயக்க ஊசி போட்டுக்கொண்டு செய்வதே இருவருக்கும் நல்லது.

உடையாத கொப்புளம் கிடைத்தால் முதலில் சிரிஞ்சில் அந்த நீரை உறிஞ்சுங்கள். அரை மில்லி கிடைத்தாலும் அது தங்கம். அதைவிட வைரஸ் செறிந்த திரவம் அந்த மாட்டின் உடம்பில் வேறு எங்கும் இல்லை. அப்புறம் கொப்புளத்தின் மேல்தோலைக் கத்தரித்து எடுங்கள். உடைந்த கொப்புளம் என்றால் ஓரத்தில் தொங்கும் தோலை எடுங்கள். நடுவில் இருக்கும் சிவந்த சதையில் வைரஸ் குறைவு, அதைச் சுரண்டினால் ரத்தம்தான் வரும், ரத்தம் அட்டையின் பட்டையை அடைக்கும். அட்டைக்கு ஒரு கொண்டைக்கடலை அளவு போதும். ஆய்வகத்துக்கு ஒரு கிராமாவது வேண்டும். பெருவிரல் நகத்தளவு துண்டு இரண்டு எடுத்தால் சரியாக வரும். எச்சிலை மட்டும் துடைத்து எடுத்துப் போடுவது கடைசி வழி. அதில் கோடு வந்தால் நல்லது, வராவிட்டால் எந்த அர்த்தமும் இல்லை.

நம் ஊரில் மாட்டுக்கு வாய்ப்புண் என்றால் டாக்டர் வருவதற்குள் கை வைத்தியம் நடந்திருக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்து கழுவியிருப்பார்கள், போரிக் பவுடரைக் கிளிசரினில் குழைத்துத் தடவியிருப்பார்கள், நல்லெண்ணெயில் தோய்த்த வாழைப்பழம் கொடுத்திருப்பார்கள். சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் சேர்த்து அரைத்து நாக்கில் தடவும் மருந்தை நானே பரிந்துரைக்கிறேன். மாடு தீனி எடுக்க அது நன்றாக உதவுகிறது. ஆனால் எல்லாம் மாதிரி எடுத்த பிறகு. ஏற்கெனவே தடவியிருந்தால் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டு எடுங்கள். புளி, எலுமிச்சை, வினிகர் போட்டுக் கழுவியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு கொப்புளம் தேடுங்கள். இந்த வைரஸுக்குப் புளிப்பு ஆகாது, அதன் ஓடே துண்டு துண்டாகிவிடும். அட்டை தேடும் புரதம் அந்த ஓட்டில்தான் இருக்கிறது.

அட்டை போடுவது, கோடு பார்ப்பது

நிழலில், சமமான இடத்தில் உட்காருங்கள். நான் பால் கேனைக் கவிழ்த்து அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொள்வேன். அட்டை ஃப்ரிட்ஜில் இருந்து வந்ததென்றால் உறையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். குளிர்ந்த அட்டையை உடனே பிரித்தால் காற்றின் ஈரம் பட்டையில் வியர்த்துவிடும். உறைக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் அட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

பெரும்பாலான அட்டைகளுக்கு 30 டிகிரி வரைதான் தாங்கும் என்று உறையிலேயே போட்டிருக்கும். சித்திரை வெயிலில் காருக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு கோடையில் என் டேஷ்போர்டில் கிடந்த அட்டைகளில் 'சி' கோடே வரவில்லை. வராதது ஒரு விதத்தில் நல்லது, கெட்டது தெரிந்தது. பாதி கெட்ட அட்டை 'சி' கோட்டை மட்டும் காட்டிவிட்டு 'டி' கோட்டை விழுங்கிவிடுமோ என்பதுதான் எனக்குப் பயம். இப்போது அட்டைகளும் தடுப்பூசி மாதிரி ஐஸ் பெட்டியில்தான் பயணம் செய்கின்றன, ஐஸ் கட்டியைத் தொடாமல் ஒரு துணி சுற்றி.

எடுத்த தோலைக் கிட்டோடு வரும் திரவக் குப்பியில் போட்டு நன்றாக நசுக்குங்கள். இதில் பொறுமை வேண்டும். தோலுக்குள் இருக்கும் வைரஸ் திரவத்துக்கு வந்தால்தான் அட்டைக்குத் தெரியும். சும்மா முக்கி எடுத்தால் தெரியாது. ஒரு நிமிடமாவது அழுத்தித் தேயுங்கள், திரவம் லேசாகக் கலங்க வேண்டும். பிறகு சக்கை கீழே இறங்க ஒரு நிமிடம் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் சொட்டுங்கள். எத்தனை சொட்டு என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும், உள்ளே இருக்கும் தாளில் போட்டபடி செய்யுங்கள். இரண்டு சொட்டு சேர்த்து விட்டால் கோடு பளிச்சென்று வரும் என்று நினைக்காதீர்கள், பட்டை வெள்ளத்தில் மூழ்கி எதுவும் ஓடாது. கொப்புள நீர் இருந்தால் அதையும் அதே திரவத்தில் கலந்துதான் போட வேண்டும்.

சொட்டு விழுந்த நொடியில் போனில் மணி வையுங்கள். தாளில் பத்து நிமிடம் என்றிருந்தால் பத்து நிமிடம், பதினைந்து என்றால் பதினைந்து. மணி அடித்ததும் பாருங்கள், உடனே படம் எடுங்கள். இரண்டு கோடு வந்தால் காணை. 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் நேரத்துக்குள் வந்திருந்தால் அது கோடுதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கத் தேவைப்படும் அளவு மங்கல் என்றால் இன்னொரு மாட்டில் இன்னொரு அட்டை போடுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது, பட்டை காயும்போது நிறம் பின்னோக்கி வந்து அப்படிப் படிவதுண்டு. 'சி' கோடு வரவில்லை என்றால் 'டி' கோடு வந்திருந்தாலும் அந்தச் சோதனை செல்லாது.

'சி' மட்டும் வந்தால்? ஒரு மாட்டோடு நிறுத்தாதீர்கள். ஓர் அட்டை, நோயுள்ள பத்து மாட்டில் எட்டைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாட்டை மட்டும் பார்த்தால் ஐந்தில் ஒரு முறை நாம் ஏமாறுவோம். புதுப் புண்ணுள்ள மூன்று மாட்டைப் பார்த்தால், மூன்றிலும் ஏமாறுவது ஆயிரத்தில் எட்டு முறைதான். ஆனால் மூன்றுமே பழைய புண் என்றால் இந்தக் கணக்கு உதவாது, மூன்றும் ஒரே காரணத்துக்காகத் தவறும். மூன்று அட்டையும் வெறுமையாக இருந்து, மாடுகள் மட்டும் எச்சில் ஒழுகிக் காலை உதறிக்கொண்டு நின்றால் நான் மாட்டைத்தான் நம்புவேன். ஆய்வகம் முடிவு சொல்லும் வரை அந்த வீடு காணை வீடுதான். சந்தை இல்லை, பொது மேய்ச்சல் இல்லை, மாடு வாங்குவதும் விற்பதும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டியது மாட்டுக்காரர் கடமை. அட்டையில் கோடு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆய்வகத்துக்கு ஏன், எப்படி

கோடு வந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஆய்வகம் என்று கேட்பார்கள். பொதுவான அட்டை காணை என்று மட்டும் சொல்லும், எந்த வகைக் காணை என்று சொல்லாது. இந்த வைரஸில் ஏழு வகை உண்டு. இந்தியாவில் சுற்றுவது ஓ, ஏ, ஏசியா-1 என்ற மூன்று. 'சி' வகை 2004க்குப் பிறகு உலகில் எங்கும் காணப்படவில்லை. ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு இன்னொரு வகைக்கு உதவாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாம் போடும் ஊசி இப்போது ஊரில் சுற்றும் வைரஸுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது புவனேஸ்வரில் இருக்கும் தேசியக் காணை நோய் ஆய்வு நிறுவனம். நம் கட்டுத்தறையிலிருந்து போகும் நகத்தளவு தோல்தான் அவர்களுக்குக் கண். ஊசி போட்ட ஊரிலேயே காணை வந்திருந்தால் அந்த மாதிரியைக் கட்டாயம் அனுப்புங்கள்.

தோல் துண்டை கிளிசரினும் பாஸ்பேட் பஃபரும் சரிபாதி கலந்த திரவத்தில் போட வேண்டும், புளிப்போ காரமோ ஏறாத 7.2 முதல் 7.6 வரையிலான பி.எச். அளவில். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் கேட்டால் இந்தத் திரவத்தைக் குப்பியில் தருவார்கள். இரண்டு குப்பி எப்போதும் கையில் இருக்கட்டும். ஃபார்மலினில் மட்டும் போடாதீர்கள், வைரஸ் செத்துவிடும். குப்பியை இறுக மூடி, வெளிப்பக்கம் துடைத்து, பஞ்சு சுற்றி இன்னொரு கசியாத டப்பாவில் வைத்து, அதை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். பெட்டி ஆய்வகத்தை அடையும்போது அங்கே ஆள் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டால், மாதிரி திங்கட்கிழமை வரை ஐஸ் உருகிய தண்ணீரில் கிடக்கும்.

கூடப் போகும் தாளில் மாட்டின் வயது, கடைசியாகக் காணை ஊசி போட்ட தேதி, புண் எத்தனை நாள் ஆனது, கட்டுத்தறையில் எத்தனை மாடு, எத்தனைக்கு நோய், சமீபத்தில் எங்கிருந்தாவது மாடு வந்ததா என்று எழுதுங்கள். போட்ட அட்டையையும் எறியாதீர்கள். அதன் பட்டையில் உலர்ந்திருக்கும் மாதிரியிலிருந்து வைரஸின் மரபணுவை எடுக்க ஆய்வகத்தால் முடியும்.

கன்றுக் கழிச்சல், தோல் கழலை, ரத்த அட்டை

பிறந்து ஒரு மாதம் ஆகாத கன்று கழிந்தால் சாணத்தில் பார்க்கும் அட்டை உண்டு. ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கே99 ஈ.கோலை என்ற பாக்டீரியா, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, நான்கையும் ஒரே அட்டையில் பார்க்கலாம். (இந்தக் கொரோனா மாட்டினுடையது, கோவிட் இல்லை.) சாணத்தைத் தரையிலிருந்து அள்ளாமல், கையுறை விரலால் ஆசனவாயைத் தூண்டி நேராகக் குப்பியில் பிடியுங்கள். கழிச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாளுக்குள் எடுங்கள். ஒரு பட்டாணி அளவுதான், அதிகம் போட்டால் பட்டை அடைக்கும். பிறந்த நாலைந்து நாளுக்குள் கழிந்தால் கே99ஐச் சந்தேகப்படுவேன், ஒரு வாரத்துக்கு மேல் என்றால் மற்ற மூன்றையும். நன்றாகத் துள்ளும் கன்றின் சாணத்திலும் ரோட்டா இருக்கலாம், அதனால் கோட்டோடு கன்றின் கண்ணையும் பாருங்கள். கண் குழிவிழுந்து, கழுத்துத் தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்பினால், கோடு எதுவாக இருந்தாலும் உப்பு நீர்க் கரைசல் உடனே போக வேண்டும்.

ரோட்டா என்று தெரிவதால் வரும் பெரிய நன்மை, வேண்டாத ஆன்டிபயாடிக் ஊசியைத் தவிர்க்கலாம். அந்தக் காசைக் கரைசலுக்குச் செலவிடலாம். பாலை நிறுத்தவும் வேண்டாம், கரைசலுக்கும் பாலுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். அடுத்த கன்று பிறக்கும்போது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் சீம்பால் முதல் சில மணி நேரத்துக்குள் வயிற்றில் இறங்கட்டும்.

மாட்டின் தோலில் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை வைரஸ் நோய்க்கு நான் அட்டை போடுவதில்லை. 2019ல் ஒடிசாவில் முதலில் கண்டறிந்து, போபால் ஆய்வகம் உறுதி செய்த நாளிலிருந்து அதற்குப் பி.சி.ஆர். தான் வழி. உதிரத் தயாராக இருக்கும் பொருக்கைப் பிய்த்து, உலர்ந்த குப்பியில், திரவம் எதுவும் இல்லாமல் அனுப்பினால் போதும். காய்ந்த பொருக்கில் அந்த வைரஸ் வாரக்கணக்கில் தாங்கும். தோல் கழலையைத் தடுக்க ஆட்டம்மை ஊசி போட்ட சில நாளில் வரும் சிறு கட்டிகளைப் பார்த்துவிட்டுப் பயந்து போன் செய்பவர்கள் உண்டு, அதையும் பி.சி.ஆர். தான் பிரித்துச் சொல்லும்.

இன்னொன்று. ஒரு சொட்டு ரத்தத்தில் காணை பார்க்கலாம் என்று சொல்லி விற்க வருபவர்களிடம், அந்த அட்டை வைரஸைத் தேடுகிறதா, ஆன்டிபாடியைத் தேடுகிறதா என்று கேளுங்கள். ஆன்டிபாடி என்றால், ஊசி போட்ட மாட்டுக்கும் கோடு வரலாம். ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரிக்க, வைரஸ் மாட்டுக்குள் பெருகும்போது மட்டும் உண்டாகும் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் சோதனை வேண்டும். ஆய்வகத்தில் அது உண்டு. ஊரே ஊசி போட்டிருக்கும்போது சாதாரண ரத்த அட்டைக்குக் காசு கொடுப்பது வீண்.

கட்டுத்தறையை விட்டு வெளியே வரும்போது

அன்று அந்த அக்கா வீட்டில், எச்சில் விட்ட நடு மாட்டின் நாக்கில் உடையாத கொப்புளம் இரண்டு இருந்தன. காய்ச்சலோடு ஓரமாக நின்ற இன்னொரு மாட்டின் மேல் ஈறில் ஒன்று. இரண்டு அட்டையிலும் ஆறாவது நிமிடத்திலேயே 'டி' கோடு தெரிந்தது. பத்து நிமிடம் வரை காத்திருந்து படம் எடுத்தேன். பாலில் இந்த வைரஸ் எச்சில் ஒழுகுவதற்கு முன்பே வந்துவிடும், அதனால் அன்று காலைப் பாலை சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம் என்றேன். கன்றுகளை வேறு பக்கம் கட்டி, காய்ச்சி ஆற வைத்த பாலைக் கொடுக்கச் சொன்னேன். மனுசருக்கு இந்த நோயால் பயமில்லை என்றும் சொன்னேன், அவர் கேட்காமலே, ஏனென்றால் வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

மீந்த திரவம், கையுறை, துண்டு எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி அங்கேயே குழியில் எரித்தோம். சலவைச் சோடாக் கரைசலில் பூட்ஸையும் சக்கரத்தையும் கழுவினேன். பத்து லிட்டர் வாளிக்குத் தூள் சோடா என்றால் 400 கிராம், கல் கல்லாக இருக்கும் படிகச் சோடா என்றால் ஒரு கிலோ, ஏனென்றால் படிகத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆப்ப சோடா இதற்கு ஆகாது. வாசலில் அதே கரைசலில் நனைத்த சாக்கு ஒன்றைப் போட்டு, உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் மிதித்துவிட்டுப் போகச் சொன்னேன். மேல்சட்டையை அங்கேயே கழற்றி, பையில் கட்டிக்கொண்டேன். அன்று இன்னும் மூன்று வீட்டுக்குச் சினை ஊசி போடப் போக வேண்டியிருந்தது. மூன்று பேருக்கும் போன் செய்து, நான் வரவில்லை, வேறு ஆளை அனுப்புகிறேன் என்றேன். ஒருவர் கோபித்துக்கொண்டார். காரணத்தைச் சொன்னதும், "அப்ப எங்க மாட்டையும் இன்னிக்கு மேய விடலைங்க" என்றார்.